பஸ் நிறைய ஊர்க்காரர்கள்

வியாழன் இரவு, பாலக்கோடு

டூர் நடத்தும் தம்பி போன் செய்தார். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து குறைந்துவிட்டதாம், பரிசலுக்கு இருந்த தடையை எடுத்துவிட்டார்களாம். ஆகவே சனிக்கிழமை ஒகேனக்கல் உண்டு. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால், தமிழ்நாட்டு எல்லையில் அந்தத் தண்ணீரை முதலில் அளக்கும் இடம் பிலிகுண்டுலு. அங்கே கன அடி ஏறினால் கலெக்டர் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார். போன ஆடியில் பெங்களூரிலிருந்து காரில் வந்த மகனும் மருமகளும் அங்கே போய்த்தான் தடையைத் தெரிந்துகொண்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்று வறுத்த மீன் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். இந்தத் தம்பி தினமும் காலையில் பேப்பரில் முதலில் பார்ப்பதே அந்தக் கன அடிக் கணக்கைத்தான்.

"நம்ம மாவட்டத்தைப் பார்க்க டூரா?" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்தது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். தீர்த்தமலை எங்கே என்று வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறேன், கால் வைத்ததில்லை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் தெருவில் அறுபது தாண்டிய பெண்களை வீட்டிலேயே உட்கார வைத்தது டிக்கெட் காசு மட்டுமில்லை. "யார் கூடப் போற?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் இல்லாவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட வேண்டியதுதான். டூருக்குப் பணம் கட்டினால் அந்தப் பதிலும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

சனி இரவு, ஒகேனக்கல்

தர்மபுரி கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாமல் நிற்கும் தூணைப் பார்த்தோம். தொங்கும் தூண் என்பார்கள். தனியாகப் போனவர் குனிந்து பார்த்து "அட!" என்று சொல்லலாம், அவ்வளவுதான். நாங்கள் ஒரு மெல்லிய துணியை இந்தப் பக்கம் ஒருவர் நுழைக்க, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் நுனியைப் பிடித்து இழுக்க, துணி தடங்கலில்லாமல் வெளியே வந்தது. பஸ்ஸில் வந்த பாதிப்பேர் வரிசையில் நின்று அதையே செய்தார்கள். அர்ச்சகர் பொறுத்துக்கொண்டார்.

அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் இன்று தேய்பிறை அஷ்டமி இல்லை என்பதால் கூட்டமும் இல்லை. சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களுக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். விசில் அடித்துவிட்டார்கள்.

பாப்பாரப்பட்டியில்தான் எதிர்பாராதது நடந்தது. சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் எங்களுக்கென்று வழிகாட்டி யாரும் இல்லை. "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று தம்பி என்னை முன்னால் தள்ளிவிட்டார். வேலையை விட்டபின் இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமையவில்லை. 1884-இல் வத்தலக்குண்டில் பிறந்தவர், 1908-இல் வ.உ.சி.யோடு சிறை போனவர், அங்கே தொழுநோய் வந்தது என்றெல்லாம் சொன்னேன். அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததையும், அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசியதையும் சொன்னபோது செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். 1925 ஜூலை 23-இல் இங்கேயே இறந்தார். அவருக்கு நாற்பது வயதுதான். அவர் எழுப்ப நினைத்த பாரத மாதா ஆலயம் நினைவாலயமாக 2021-இல் திறக்கப்பட்டது. "நாப்பது வயசுதானா?" என்று ஒரு ஆயா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. இரண்டு பேருக்கு வாந்தி. எலுமிச்சம்பழம் முன் சீட்டிலிருந்து கை மாறிப் பின் சீட்டுக்கு வந்தது.

பரிசலுக்கு ஆள் கணக்கில் காசு இல்லை, பரிசல் கணக்குத்தான். ஒற்றை ஆளாக வந்தால் முழுப் பரிசலுக்கும் கொடுக்க வேண்டும், அல்லது துறையில் நின்று துணைக்கு ஆள் தேட வேண்டும். எங்களை நாலு நாலு பேராகப் பிரித்தார்கள். பரிசல்காரர் ஒவ்வொருவரையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். எடை போடுகிறார் என்று பிறகுதான் புரிந்தது. கனமான இருவரை எதிரெதிரே உட்கார வைத்து, என்னைத் தனக்கு நேரே குந்த வைத்தார். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, வெளியே பிளாஸ்டிக் தாளும் தாரும் பூசிய கூடை அது. முன்பெல்லாம் தோல் போர்த்துவார்கள். அடியில் தண்ணீர் ஓடுவது பாதத்தில் தெரிகிறது. பாறை இடுக்கில் நடுவே நிறுத்தி ஒரு சுழற்று சுழற்றினார். "போதும் சாமி!" என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினோம். வீட்டில் நாங்கள் யாரும் இப்படிக் கத்தியதில்லை.

கரையேறியதும், குடிநீர் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். அருவியையும் சினிமா ஷூட்டிங்கையும் விட்டுவிட்டார், குழாயைப் பற்றித்தான் பேச்சு. நம் மாவட்டத்துக் கிணறுகளில் புளோரைடு அதிகம், பிள்ளைகளின் பல்லில் காவி படிவதும் பெரியவர்களின் எலும்பு வளைவதும் அதனால்தான், ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தத் தண்ணீரைத்தான் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுபோகிறது என்றார். நான் தினம் குடிக்கும் தண்ணீர் இது. குடும்பத்தோடு வந்திருந்தால் மீன் குழம்போடு முடிந்திருக்கும். மீன் குழம்பும் நன்றாகத்தான் இருந்தது. மீனை நாம் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துத் தருகிறார்கள்.

ஞாயிறு இரவு, வீடு

கூட்டத்தோடு போவதில் எரிச்சல் இல்லையென்று சொல்ல மாட்டேன். விடிவதற்குள் பஸ்ஸில் டிவி அலறுகிறது. வழியில் புளி வாங்கப் போன மூவர் அரை மணி நேரம் காக்க வைத்தார்கள். புளி மலிவாம், கால் விலை மிச்சமாம். டீசல் கணக்கைத் தம்பி வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

தீர்த்தமலை அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். படி ஏற முடியாதவர்கள் அடிவாரக் கோயிலில் தங்கிவிட, ஏறியவர்கள் ஒருவர் நின்றால் எல்லாரும் நின்றோம். நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். தனியாக வந்திருந்தால் முதல் இடத்திலேயே திரும்பியிருப்பேன். மேலே ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து கொட்டுகிறது. கீழே இருந்தவர்களுக்கென்று எல்லார் கையிலும் ஒரு பாட்டில்.

புதன்

மகன் போனில் சொல்கிறான்: "கார் புக் பண்ணித் தரேம்மா, எதுக்கு அந்தக் கூட்டத்துல?" கூட்டமாகப் போவது ஏதோ வசதியில்லாதவர்கள் செய்கிற காரியம் என்று இப்போதைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர், கையில் காசுக்குப் பஞ்சமில்லை. அவரும் வீட்டுப் பெண்களையும் சேர்த்து நூறு பேர் அளவில் கூட்டிக்கொண்டுதான் போனார், திரும்பி வர அடுத்த வருஷம் செப்டம்பர் ஆனது. போன வழியையெல்லாம் தெலுங்கில் எழுதியும் வைத்தார். இங்கிலாந்தில் தாமஸ் குக் 1841-இல் மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஆட்களை ரயிலில் ஏற்றி லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குக் கூட்டிப்போனதைத்தான் டூர் தொழிலின் தொடக்கமாகச் சொல்வார்கள். நம் ஊரில் குருசாமிகளும் மடங்களும் அதற்கு வெகுகாலம் முன்பே ஆள் சேர்த்து வழிநடத்தியிருக்கிறார்கள். மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. காரில் டிரைவர் பேசமாட்டார் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்தது அறுபடை வீடு. அறநிலையத் துறை 2024 ஜனவரியிலிருந்து மூத்தவர்களைக் கட்டணமில்லாமல் கூட்டிப்போகிறது, ஆனால் வயது 60-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். எதிர்வீட்டு அக்காவுக்கு 72. திருச்செந்தூர்க் கடலைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவர் மகனுக்கு லீவு கிடைத்தபாடில்லை. ஆகவே தம்பியிடமே இரண்டு சீட் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டேன். ஜன்னல் ஓரம் அக்காவுக்கு. பின்சக்கரத்துக்கு மேலே மட்டும் போட்டுவிடாதே, தூக்கித் தூக்கிப் போடும் என்று சொல்லியிருக்கிறேன்.