அட்வான்ஸும் அக்ரிமென்டும்

வாடகை வீட்டில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை காலி செய்யும் நாளில்தான் வெடித்தன. பெயின்டிங் செலவு, ஈபி பாக்கி, திரும்பி வராத அட்வான்ஸ்.

2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

குடிவருபவர்களே, சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். பெயின்டிங் யார் செலவு என்பதை அக்ரிமென்டிலேயே எழுதுங்கள். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள்.

ஓனர்களே, எவ்வளவு கோபம் வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தாதீர்கள், அது சட்டவிரோதம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள்.

நல்ல மனிதர்களுக்கு இடையிலும் கணக்கு எழுத்தில் இருப்பதே நல்லது.