தீர்ப்புக் கூறுவது யார்?

நான்கு என்ற எண்ணைக் கேட்டதும் நம்மில் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. மேடையிலே நிற்பவன் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறான். தேநீர்க் கடையிலே அமர்ந்திருப்பவன் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறான், தனக்கு அந்த வாய்ப்பு இல்லையே என்று! இஸ்லாமியத் திருமண முறையைப் பற்றிப் பலரும் அறிந்து வைத்திருப்பது இந்த ஓர் எண்ணை மட்டுமே. எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும் நிபந்தனையை அறிந்தவர் மிகச் சிலர். அந்த நிபந்தனை நிறைவேறியதா இல்லையா என்று தீர்ப்புக் கூறுவது யார் எனக் கேட்டவர் அதனினும் சிலர்.

அந்தக் கேள்வியைத்தான், தோழர்களே, இன்று உங்கள் முன் வைக்கிறேன். கேலிக்காக அல்ல, ஒரு பெண்ணின் வாழ்வு அந்தக் கேள்வியிலே தொங்கிக் கொண்டிருந்ததைக் கண்ணாரக் கண்டவன் என்பதற்காக.

முதலில் விதியைப் பார்ப்போம். குர்ஆனின் நான்காம் அத்தியாயம், மூன்றாம் வசனம். அநாதைகளைப் பற்றிய பேச்சின் நடுவேதான் அந்த அனுமதி வருகிறது. அநாதைகளிடம் நேர்மையாக நடக்க இயலாதென்று அஞ்சுவீர்களாயின், பெண்களில் இருவரையோ மூவரையோ நால்வரையோ மணக்கலாம். அவர்களிடையே நீதியுடன் நடக்க இயலாதென்று அஞ்சினால் ஒருத்தியோடு நிற்க வேண்டும். இது அதன் சாரம். 625-ஆம் ஆண்டு நடந்த உஹுத் போருக்குப் பின்னர் வந்தது இது என்பது உரையாசிரியர்களிடையே பரவலான கருத்து. அந்தப் போரிலே முஸ்லிம்கள் பக்கம் ஏறத்தாழ எழுபது பேர் மாண்டனர். சிறிய ஊராகிய மதீனாவில், ஒரே பகலில், விதவைகள் பெருகினர்; தந்தையற்ற குழந்தைகள் பெருகினர். அதற்கு முன்போ, அரபு நாட்டு ஆடவன் கொள்ளும் மனைவியர் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. ஆக, வரம்பற்ற ஒன்றுக்கு வரம்பு கட்டிய விதி அது. இதை மறைத்துவிட்டுப் பேசுவது பிரச்சாரமாகலாம், பகுத்தறிவு ஆகாது.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. நிக்காஹ் என்பது ஒப்பந்தம். ஒருவர் கேட்க, மற்றவர் ஏற்க, சாட்சிகள் முன்னிலையில் முடிவது. மணமகன் மணமகளுக்கு மஹர் தரவேண்டும். அது அவளுடைய உடைமை. தந்தைக்கும் அதிலே உரிமையில்லை, கணவனுக்கும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் பெண்ணை ஓர் ஒப்பந்தத்தின் தரப்பாக ஏற்று, அவள் கையிலே பொருளையும் கொடுத்த முறையைப் பழிப்பவன், தன் வீட்டுப் பெண்ணுக்கு அதே காலத்தில் என்ன உரிமை இருந்தது என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் உண்மை. ஆயினும் கேள்வி நிற்கிறது. நீதி என்ற நிபந்தனையை யார் காப்பது?

அதே அத்தியாயத்தில் 129-ஆம் வசனம் ஒன்று உண்டு. எவ்வளவுதான் விரும்பினாலும் மனைவியரிடையே நீதியுடன் நடக்க உங்களால் இயலாது. ஆதலால் ஒருத்தியிடமே முற்றிலும் சாய்ந்து, மற்றவளை அந்தரத்தில் தொங்குபவளைப் போல விட்டுவிடாதீர்கள் என்பது அதன் கருத்து. மூன்றாம் வசனம் நிபந்தனை விதிக்கிறது. 129-ஆம் வசனம், அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது மனிதனால் ஆகாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன முடிவு கிட்டும்?

பழைய சட்ட அறிஞர்கள் இரண்டையும் பிரித்துப் படித்தார்கள். முதல் வசனம் கேட்பது உணவு, உடை, உறையுள், இரவுகளின் பங்கீடு ஆகியவற்றில் சமன். இரண்டாவது பேசுவது உள்ளத்து அன்பை. அன்பு மனிதன் கட்டுப்பாட்டில் இல்லை, ஆதலால் அது சட்டத்துக்குள் வராது என்றார்கள். சரி, அன்பை விட்டுவிடுவோம். அரிசியையாவது அளந்து பார்த்தது யார்? இரவுகளையாவது எண்ணிக் கணக்கு வைத்தது யார்? மறுமணம் செய்ய விரும்புகிறவனே, தன்னால் நீதி செய்ய இயலும் என்று தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக் கொள்கிறான். வழக்காளியும் அவனே, சாட்சியும் அவனே, நீதிபதியும் அவனே! இப்படி ஒரு நீதிமன்றத்தை வேறு எந்த வழக்குக்காவது நாம் ஒப்புவோமா?

இந்த ஐயத்தை எனக்குக் கற்றுத் தந்தது நூலகம் அல்ல. தஞ்சைக் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில், எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் வாழ்ந்த முஸ்லிம் மாது ஒருவர். அக்காளை ‘லாத்தா’ என்று அழைப்பது அவர்கள் வழக்கம். தெருப் பிள்ளைகள் நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். கணவர் பினாங்கிலே கடை வைத்திருந்தார். லாத்தாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே, 1970-களின் தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவனாக இருந்த நான், அவருக்காகக் கடிதம் எழுதினேன். வருகிற கடிதங்களைப் படித்தும் சொன்னேன்.

ஒரு நாள் வந்த நீலநிற வான் அஞ்சலில், நலம் விசாரிப்புக்கும் பணம் அனுப்பிய விவரத்துக்கும் நடுவே, இரண்டே வரிகளில் ஒரு செய்தி இருந்தது. அங்கே இன்னொரு திருமணம் முடிந்துவிட்டது. உனக்கு ஒரு குறையும் வராது, இருவரையும் நீதமாகவே நடத்துவேன் என்று எழுதியிருந்தார். படித்தேன். லாத்தா அழவில்லை. மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

“நீதமா நடத்துறேன்னு எழுதியிருக்காரு தம்பி. நடத்துறாரா இல்லையான்னு சொல்ல வேண்டியது அவரா, நானா?”

பதினான்கு வயதுப் பையனிடம் பதில் இல்லை. நாட்கள் பதில் கூறின. மாதந்தோறும் வந்த பணம் இரு மாதத்துக்கு ஒரு முறை வந்தது. பின்னர்ப் பெருநாளுக்கு மட்டும் வந்தது. பின்னர் அதுவும் நின்றது. கடிதம் போனது, மறுமொழி வரவில்லை. தையல் இயந்திரத்தின் முன் குனிந்த முதுகோடு இரண்டு பெண் மக்களை ஆளாக்கினார் அவர். தலாக் சொல்லப்படவில்லை, ஆதலால் அவர் மனைவி. கணவன் திரும்பவில்லை, ஆதலால் மனைவியும் அல்லர். எந்த நிலையில் ஒரு பெண்ணை விடக்கூடாது என்று 129-ஆம் வசனம் எச்சரித்ததோ, அதே அந்தரத்தில், அந்த வசனத்தை நாள்தோறும் ஓதக்கூடியவரே தொங்கினார்! ஊரார் அவரைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தனர். புகழ்ச்சி அடுப்பை எரிக்குமா?

லாத்தாவின் கேள்வியை அவருக்கு முன்பே கேட்டவர்கள் உண்டு என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். அவர்கள் இஸ்லாத்துக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர்கள் அல்லர். உள்ளே இருந்தே கேட்டவர்கள். எகிப்தின் மார்க்க அறிஞர் முகம்மது அப்துஹு, 1905-இல் மறைந்தவர், அந்த இரு வசனங்களையும் இணைத்துப் படித்தார். பலதார மணம் அவர் காலத்துக் குடும்பங்களைச் சீரழிக்கிறது என்று வெளிப்படையாகக் கூறினார். துனிசியாவில், ஸைத்தூனா பள்ளியிலே மார்க்கக் கல்வி கற்ற தாஹிர் அல்-ஹத்தாத் என்ற இளைஞர், தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தவர், 1930-இல் சட்டத்திலும் சமுதாயத்திலும் பெண்ணின் நிலை பற்றி ஒரு நூல் எழுதினார். பலதார மணம் பழைய அரபு வழக்கம். இஸ்லாம் அதைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவது அதன் நோக்கத்துக்கு மாறானது என்பது அவர் வாதம். விளைவு? மறுப்பு நூல்கள் எழுந்தன, வசை பொழிந்தது, பள்ளியின் பெரியவர்கள் அவரைப் பகைத்தனர். 1935-இல், 36-ஆம் வயதில், ஒதுக்கப்பட்டவராகவே அவர் மறைந்தார்.

மனிதர் மறைந்தார், வாதம் மறையவில்லை. 1956 மார்ச் 20-இல் துனிசியா விடுதலை பெற்றது. ஐந்து மாதங்கள்கூட முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 13-இல் ஹபீப் புர்கீபாவின் அரசு புதிய குடும்பச் சட்டத்தை வெளியிட்டது. அதன் 18-ஆம் பிரிவு பலதார மணத்தைத் தடை செய்தது. மீறினால் ஓராண்டுச் சிறை என்றது. இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1926-இல், துருக்கி சுவிட்சர்லாந்தின் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு பலதார மணத்தை ஒழித்திருந்தது. துனிசியா சென்ற வழி வேறு. குர்ஆனைக் கையில் வைத்துக்கொண்டே, நிபந்தனை நிறைவேறாதது என்று குர்ஆனே கூறுவதால் அனுமதியும் இல்லை என்று வாதாடியது. லாத்தாவின் கேள்விக்கு அந்நாடு தந்த விடை தெளிவானது: தீர்ப்புக் கூறுவது கணவன் அல்லன், சட்டம்!

பாகிஸ்தானின் கதை வேறு. 1955-இல் தலைமை அமைச்சராக இருந்த முகம்மது அலி போக்ரா இரண்டாம் மணம் புரிந்தார். அகில பாகிஸ்தான் மாதர் சங்கத்தினர் கொதித்தெழுந்தனர். அந்த ஆண்டே திருமணச் சட்டங்களை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. 1956-இல் அறிக்கை வந்தது. குழுவிலிருந்த மார்க்க அறிஞர் மாற்றுக் கருத்து எழுதினார். ஐந்தாண்டு கழித்து, 1961-இல், அயூப் கான் ஆட்சியில் குடும்பச் சட்டம் பிறந்தது. இரண்டாம் மணம் புரிய விரும்புபவன் நடுவர் குழுவிடம் எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும். காரணம் கூற வேண்டும். இருக்கும் மனைவி உடன்படுகிறாளா என்று தெரிவிக்க வேண்டும். அந்தக் குழுவில் மனைவியின் தரப்பாளரும் உண்டு. இசைவின்றி மணந்தால் மஹர் முழுவதையும் உடனே செலுத்த வேண்டும். சிறையும் அபராதமும் உண்டு. குறையுள்ள சட்டம்தான், இசைவின்றி நடந்த மணமும் செல்லும். ஆயினும், கணவனே நீதிபதி என்ற நிலையில் ஓர் ஓட்டை விழுந்தது. 2004-இல் மொராக்கோ அந்த இசைவை நீதிபதியின் கையிலே ஒப்படைத்தது.

நம் நாட்டிலோ? 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இரண்டாம் மணத்துக்கு முன் எவரையும் கேட்கச் சொல்லவில்லை. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் மட்டும், நடந்த பிறகு ஒரு கதவைத் திறந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்து, குர்ஆன் கூறுகிறபடி சமமாக நடத்தாவிட்டால், அதையே காரணமாகக் காட்டி மனைவி மணமுறிவு கோரலாம். இரண்டாண்டு சோறிடாதவனையும் அவ்வாறே நீக்கலாம். லாத்தா குழந்தையாய்த் தவழ்ந்த காலத்திலேயே வந்துவிட்ட சட்டம்! ஊரிலே வழக்கறிஞர் இருந்தார், பள்ளிவாசல் இருந்தது, படித்தவர் பலர் இருந்தனர். அவருக்கு அதை எடுத்துச் சொன்னவர் ஒருவருமில்லை. சட்டம் ஏட்டிலே இருந்தது. அவர் அந்தரத்திலே இருந்தார்.

இதையெல்லாம் கேட்டு, “பார்த்தீர்களா, முஸ்லிம்களின் வழக்கத்தை!” என்று குதிக்கக் காத்திருப்பவர் இருப்பார். அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முழுவதற்கும் தடை போடும் வரை, இந்து ஆடவனுக்கு நான்கு என்ற வரம்புகூட இல்லை. நீதி என்ற நிபந்தனையும் இல்லை. தடை வந்த பிறகாவது நின்றதா? 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கணவனுக்கு வேறு மனைவியும் உண்டு என்று கூறிய பெண்கள் முஸ்லிம்களில் நூற்றுக்கு 1.9; இந்துக்களில் நூற்றுக்கு 1.3. இரண்டுக்கும் இடையே மலையா நிற்கிறது? இரண்டாம் மணத்துக்காகவே மதம் மாறிய இந்துக் கணவர்களின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. முதல் மணம் முறியாமல் அப்படிச் செய்வது குற்றமே என்று 1995-இல் தீர்ப்பு வந்தது. ஆகவே, இது ஒரு மதத்தாரின் நோய் என்று சொல்வதற்கில்லை. ஆண், தன் ஆசைக்குத் தானே அனுமதிச் சீட்டு எழுதிக் கொள்ளும் நோய். சீட்டு எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதுதான் மாறுகிறது.

“விதவைகளுக்கு யார் ஆதரவு? பிள்ளை பெறாதவளைத் தள்ளிவிடுவதா?” என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. விதவைக்கு வேண்டியது வேலை, ஊதியம், உதவித்தொகை, சொந்தக் கூரை. மற்றொருத்தியின் வாழ்விலே பாதியை அறுத்துக் கொடுத்துத்தான் அவளைக் காக்க வேண்டும் என்பது வறண்ட கற்பனை. பிள்ளையின்மைக்குக் காரணம் கணவனாகவும் இருக்கலாம்; அப்போது மனைவிக்கு இரண்டாம் கணவனை எவரும் பரிந்துரைப்பதில்லையே!

முஸ்லிம் பெண்களின் கருத்து என்ன என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. 2015-இல் பாரதிய முஸ்லிம் மகிளா அந்தோலன் என்ற அமைப்பு, பத்து மாநிலங்களில் 4,710 முஸ்லிம் பெண்களைக் கேட்டது. கணவன் மற்றொரு மணம் புரிவதை எதிர்த்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். பேச வேண்டியவர்கள் பேசிவிட்டார்கள். கேட்க வேண்டிய காதுகள்தாம் திறக்கவில்லை.

தோழர்களே, செய்யக்கூடியது இன்றே உண்டு. நிக்காஹ் ஒப்பந்தம் என்றால், ஒப்பந்தத்திலே நிபந்தனை எழுதலாம். 1917-ஆம் ஆண்டின் உஸ்மானியக் குடும்பச் சட்டமே, கணவன் இன்னொருத்தியை மணக்கலாகாது என்று மனைவி நிபந்தனை விதிப்பதை ஏற்றது. மீறினால் மணமுறிவு உரிமை மனைவிக்கு என்று எழுதப்பட்ட ஒப்பந்தங்களை இந்திய நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன. அந்த ஒரு வரியை எழுதச் சொல்லும் துணிவு மணமகளுக்கு வேண்டும்; அதை எழுதும் நேர்மை மணமகனுக்கு வேண்டும்; எழுதுவது வெட்கக்கேடல்ல என்று கூறும் பெரியவர்கள் ஊருக்கு வேண்டும். 1939-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு தெருவிலும் படித்துக் காட்டப்பட வேண்டும். சட்டம் திருத்தப்படும் நாளில், பிற மதத்தானின் வெறுப்பு அதை எழுதக் கூடாது. அந்தப் பெண்களின் குரல் எழுத வேண்டும்.

நீதியை நிபந்தனையாக வைத்த விதி, நீதிபதியையும் தேடியே ஆகவேண்டும். துன்பம் எவருடையதோ, அதைப் பற்றிச் சொல்லும் முதல் உரிமையும் அவருடையது. அந்த உரிமையை அவள் கையிலே கொடுப்போம். நான்கா ஒன்றா என்ற கணக்கை அவளே முடித்து வைப்பாள்.