பிரேக் விளக்கும் கோர்வைக் கரையும்

பொட்டி தட்டுற வேலைதான் நமக்கும். ஆனா நான் தட்டுற பொட்டி காருக்குள்ள இருக்கு :-) ஆபீஸ் ஒரகடம் பக்கம், வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம்.

பாட்டு, மேப் எல்லாம் காட்டுற திரையை லினக்ஸ் மேல ஒரு பொது ஃப்ரேம்வொர்க் வச்சு செஞ்சோம். "பிரேக் எச்சரிக்கை விளக்கையும் அதே புரோகிராம் வரையட்டுமே, தனியா எதுக்குச் செலவு? கோடி பேர் பயன்படுத்துற மென்பொருள்தானே?"ன்னார் மேலாளர். சரின்னு ரிவ்யூல ஓகே போட்டதும் நான்தான்.

அப்புறம் ராத்திரி தூக்கம் வரல. கோடி பேர் பயன்படுத்தினது வேற, தப்பு நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சு எழுதினது வேற. 2011ல வந்த ஐஎஸ்ஓ 26262, ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரம் பிரிக்குது. ஒவ்வொரு தேவைக்கும் எந்தச் சோதனைன்னு கணக்கு காட்டணும். பொது ஃப்ரேம்வொர்க்கை எழுதினவங்க அந்தக் கணக்கை மனசுல வச்சு எழுதல. மெமரி நிறைஞ்சா கொஞ்சம் திணறும். பாட்டு திணறினா பரவால்ல, விளக்கு திணறலாமா?

2021ல டெஸ்லா ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைச்சது. திரைக்குப் பின்னால இருந்த 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி எழுதி எழுதியே தேஞ்சு போச்சு. திரை செத்ததும் பின்பக்கக் கேமரா படமும் கூடவே போச்சு.

ஞாயித்துக்கிழமை அப்பா தறியில கோர்வைப் புடவை. மூணு நாடா. கரை நாடா போட அம்மா பக்கத்துல.

"ஏம்ப்பா, ஒரே நாடாவா ஓட்டிட்டா ஒரு ஆள் மிச்சம்தானே?"

"ஓட்டலாம்டா. உடல் நூல் கரைக்குள்ள பூந்துடும். அப்புறம் கரை தன் நிறத்துல நிக்காது."

திங்கக்கிழமை போய் என் ஓகேவை வாபஸ் வாங்கினேன். விளக்குக்குத் தனி சின்ன புரோகிராம், தனி புராசஸர். பெரிய திரை செத்தாலும் அது எரியணும். பொது ஃப்ரேம்வொர்க் வேணாம்னு சொல்லல, அது பாட்டு போடட்டும். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"ன்னு மேலாளர் கேட்டார். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

வேலை மூணு வாரம் தள்ளிப் போச்சு. அப்ரைசல் அடுத்த மாசம். பார்ப்போம். உங்க ஆபீஸ்ல இப்படி ஓகேவை வாபஸ் வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா மக்களே?