மாலத்தீவில் எந்தத் தீவு?

குடும்பத்தோடு விடுமுறையைக் கழிக்க மாலத்தீவைத் தேர்ந்தால் மட்டும் போதாது. அங்குள்ள ஏறத்தாழ 1,200 தீவுகளுள் எத்தகைய தீவு என்பதையும் தேர்தல் வேண்டும். விளம்பரங்களில் மின்னுபவை, குடிமக்கள் இல்லாத உல்லாசத் தீவுகள். அங்கே மது உண்டு. கட்டணமோ நம் போன்றோருக்கு எட்டாதது.

மக்கள் வாழும் தீவுகள் சுமார் 200. அவற்றில் விடுதிகள் நடத்த 2009-இல் வழி பிறந்தது. மாலேக்குத் தெற்கேயுள்ள மாஃபுஷி அவற்றுள் ஒன்று. பாங்கோசை கேட்கும், உணவு ஹலால், மதுவுக்குத் தடை. அயல்நாட்டவரின் நீச்சலுடைக்கென ஒதுக்கிய கரை தனியே மறைக்கப்பட்டுள்ளது. மற்றக் கரைகளில் பெண்கள் முழு ஆடையுடனேயே நீராடுவர். கடற்கரைக்குப் போயும் பிள்ளைகளின் செருப்புகளைக் காத்தபடி மணலிலேயே அமர்ந்து திரும்புவதுதானே நம் வீட்டுப் பெண்களின் வழக்கம்? இங்கே அவர்களும் கூச்சமின்றிக் கடலில் இறங்கலாம். என் கணக்கில் இதுவே முதல் தகுதி. நீலக்கடலின் அழகு அதற்குப் பின்னரே.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். சிறுவர்களோடு செல்வோர் ஜனவரி முதல் மார்ச் வரையிலான நாட்களைக் கொள்க. வெள்ளி அங்கு வார விடுமுறை. படகு நேரத்தை முன்னரே கேட்டறிதல் நன்று. திரும்பும் வழியில், இப்னு பதூதா 14-ஆம் நூற்றாண்டில் காழியாகப் பணியாற்றிய மாலேயில் இறங்கி, 1658-இல் பவளக்கற்களால் எழுப்பப்பட்ட ஜும்ஆப் பள்ளிவாசலையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.