அணைந்திருக்கும் நேரம்

1985, ஆடி மாதம். காவேரிக் காற்று கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்து கைவிளக்கை அணைத்துவிடும். இரவில் மின்சாரமும் அடிக்கடி போகும். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கூடத்திலிருந்து கொல்லைக்குப் போகிற இடத்தில் உயரமான நிலைப்படி. ஒரு தரம் தடுக்கி விழுந்திருந்தாள். படி இங்கே என்று சொல்ல ஓர் அடையாளம் போதும். சிமிட்டுகிற சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றை அங்கே பொருத்துவதாக முடிவு செய்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் என்றால் உடனே சுஜாதா பேர் வந்துவிடும். அவர் படித்த செயின்ட் ஜோசப் கல்லூரியில்தான் நானும் பௌதிகம் படித்தேன். ஒற்றுமை அத்தோடு சரி.

இந்தக் காரியத்துக்கென்றே எல்.எம்.3909 என்ற சில்லு அமெரிக்காவில் எழுபதுகளிலேயே வந்திருந்தது. ஒற்றை 1.5 வோல்ட் செல்லில் ஒரு வருஷத்துக்கு மேல் சிமிட்டும் என்பார்கள். இப்போது அதைத் தயாரிப்பதில்லை. அப்போது எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மலைக்கோட்டைப் பக்கம் போய் இருக்கிற சாமான்களை வாங்கி வந்தேன்.

முதலில் செய்தது பாடப்புத்தகத்து மல்டிவைப்ரேட்டர். இரண்டு டிரான்ஸிஸ்டரில் ஒன்று மாற்றி ஒன்று விழித்திருக்கும். அழகாகச் சிமிட்டிற்று. 9 வோல்ட் பேட்டரி மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. விளக்கு அணைந்திருக்கும்போதும் மற்ற டிரான்ஸிஸ்டர் தன் ரெஸிஸ்டர் வழியாக 5 மில்லி ஆம்பியரை வெறும் சூடாக்கிக்கொண்டிருந்தது. இருட்டுக்கும் ஏறக்குறைய அதே செலவு. (நம் நீள்கவிதைகள் பல இந்த ஜாதி.)

அடுத்தது பி.சி.547, பி.சி.557 ஜோடி. இரண்டும் சேர்ந்தே விழிக்கும், சேர்ந்தே உறங்கும். உறக்கத்தில் ஒரு கண்டென்ஸர் மட்டும் 4.7 மெகோம் ரெஸிஸ்டர் வழியே சொட்டுச் சொட்டாக நிரம்பும். 0.6 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டும் ஒரே கணத்தில் திறக்கும். ஒரு சிமிட்டல், மறுபடி இருட்டு. காகிதத்தில் அப்படி. மேஜையில் ஒரு தரம்கூடச் சிமிட்டவில்லை. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்ஸர், நிரம்புகிற வேகத்திலேயே உள்ளுக்குள் கசிந்துகொண்டிருந்தது. பாலியெஸ்டர் போட்டதும் உயிர் வந்தது. 4 விநாடிக்கு ஒரு தரம், 40 மில்லிவிநாடி, 10 மில்லி ஆம்பியர். சராசரி 0.1. பேட்டரியில் 400 மில்லி ஆம்பியர்-மணி இருந்தால் ஐந்து மாதத்துக்கு மேல் வரும். கணக்கை எழுதி அடிக்கோடு வேறு போட்டேன்.

அன்று நடுநிசியில் மின்சாரம் போயிற்று. அம்மா எழுந்து போனாள். வெகுநேரம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏம்மா நிக்கறே?"

"அது வரட்டும்டா. பாத்து, காலைத் தூக்கறதுக்குள்ளே மறைஞ்சுடறது. அடுத்ததுக்கு நிக்கறேன்."

4 விநாடி எவ்வளவு நேரம் என்று அவள் பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. காற்றில் கொல்லைக் கதவு ஆடிற்று. ஒரு சிமிட்டல். ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தாள். மற்ற காலுக்கு இன்னொன்று.

காலையில் 4.7 மெகோமை எடுத்துவிட்டு 1 மெகோம் வைத்துப் பற்றவைத்தேன். கிட்டத்தட்ட விநாடிக்கு ஒன்று. பேட்டரி ஒன்றரை மாதம்கூட வராது.

"இப்போ ரொம்பத்தான் அவசரப்படறது" என்றாள் அம்மா.