ஓனருக்கு எத்தனை சீசன் பொறுக்கலாம்?

கிரிக்கெட் பேசும் ஊரில் கால்பந்து பேசுகிறவர்கள் குறைவு. எங்கள் ஹாஸ்டலில் மொத்தம் நாலு பேர். அந்த நாலு பேருக்குள்ளும் ஓயாத சண்டை ஒன்று உண்டு: சென்னையின் எஃப்சி ஓனர்களை இன்னும் எவ்வளவு நாள் பொறுத்துக்கொள்வது?

ஒரு கட்சி சொல்லும் கணக்கு இது. 2015-லும் 2017-18-லும் கோப்பை, சரி. 2020-21 முதல் வரிசையாக மூன்று சீசன் எட்டாவது இடம். 2023-24-ல் ஆறாவதாக வந்து ப்ளே-ஆஃப் போனோம், அடுத்த சீசனே பதினொன்று! "அபிஷேக் பச்சனும் தோனியும் ஓனர் என்றால் ஆச்சா? கோல் அடிக்க ஆள் வேண்டாமா?"

எதிர்க்கட்சியும் லேசுப்பட்டதல்ல. 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வென்று கப் அடித்த டீம், அதே கோச் ஜான் கிரகரியோடு அடுத்த சீசனில் கடைசி இடம். அதற்கடுத்த சீசன் நடுவில் கோச் மாறி, ஃபைனல் வரை வந்தது. "கடைசி இடத்தைப் பார்த்து ஓனர் கடையைச் சாத்தியிருந்தால்?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வேறொரு டீம்தான் ஞாபகம் வரும். வெண்ணந்தூர்க்காரனுக்குச் சென்னையைவிடக் கோவைதானே பக்கம்! கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, 2018-19 ஐ-லீக் சாம்பியன். கடைசி மேட்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று வாங்கிய பட்டம். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆனால் 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. கப் அடித்து இரண்டே வருடம்...

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். மார்க்கெட் டல்லடித்தால் வேலை குறையும், கூலி குறையும். முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொள்வார்கள். தறியை உடைத்து எடைக்குப் போடும்போதுதான் வயிறு எரியும். மறுபடி நல்ல காலம் வந்தாலும் ஓட்டுவதற்குத் தறி இருக்காதே!

கிளப்பும் அப்படித்தான். 2025 செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐஎஸ்எல், ஒப்பந்தச் சிக்கலில் மாட்டி 2026 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அந்த மாதங்களில் யாரும் பாயின்ட் டேபிளைப் பற்றிப் பேசவில்லை. டீம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

அதனால் என் கட்சி மூன்றாவது. தோல்விக்கு எத்தனை சீசன் வேண்டுமானாலும் பொறுக்கலாம். ஆட்டக்காரருக்குச் சம்பளம் தேதிக்குப் போகிறதா, சின்னப் பசங்கள் டீம் நடக்கிறதா, அடுத்த வருடம் எந்த மைதானம்? இந்த மூன்றுக்கும் பதில் வராவிட்டால், ஒரு சீசன்கூடப் பொறுக்கக் கூடாது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும்.