காத்திருப்பும் ஒரு செபமே

தாம்பரத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்து வரும் நிலையம் சானடோரியம். நாற்பது ஆண்டுகளாக அவ்வழியே போய் வந்திருக்கிறோம். அப்பெயரின் பொருளை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மருத்துவமனைக்குப் புறப்பட்ட அன்றுதான் அது எங்கள் நெஞ்சில் தைத்தது. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்கென அங்கே ஒரு நலவாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். காசம் என்ற சொல்லை வீட்டில் உரக்கச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலம் அது. பின்னர் மருந்துகள் வந்தன. அம்மருத்துவமனை இன்றும் பணி செய்கிறது. ஆனால் நிலையத்தின் பெயரைக் கேட்டு எவரும் நடுங்குவதில்லை.

இன்று எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லப்படாத சொல் வேறொன்று.

நாங்கள் இருவரும் உடன்பிறந்த சகோதரியர். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, சேலையூரில் ஒரே வீட்டில் வாழ்கிறோம். எங்களில் மூத்தவருக்கு மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதை எட்டு மாதங்கள் அவர் எவரிடமும் சொல்லவில்லை. 'வலிக்கவில்லையே' என்பது அவர் சொன்ன காரணம்; நாணமே உண்மைக் காரணம். மாணவியருக்கு உடலியல் கற்பித்தவர்தாம், தம் உடலைப் பற்றித் தங்கையிடம் பேசக் கூசினார். அவர் மெலிந்து போவதைக் கண்ட இளையவரும் வாய் திறந்து கேட்கவில்லை. தொடக்கத்தில் மார்பகப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை என்று மருத்துவர் சொன்னபோது இருவரும் தலைகுனிந்தோம்.

ஊசியால் திசு எடுத்தார்கள். சில நாள்களில், "புற்றுதான்" என்று முடிவு வந்தது. ஆனால் சிகிச்சை எதுவென்று சொல்ல இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள். எங்களுக்குச் சினம் பொங்கிற்று. நோய் இன்னதென்று தெரிந்த பின்னும் ஏன் இந்தத் தாமதம்?

இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். எடுத்த திசுவை பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக வெட்டுகிறார்கள். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அந்த உயிரணுக்கள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீர்களைப் பற்றி வளர்பவையா, ஹெர்-2 என்னும் புரதம் அவற்றில் மிகுந்துள்ளதா என ஆராய்கிறார்கள். சிலருக்கு முதலில் அறுவை. சிலருக்குக் கட்டியைச் சுருக்க முதலில் கீமோ. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை. நோய் வேறெங்கும் பரவியுள்ளதா என்று ஸ்கேனும் எடுக்கவேண்டும். அறுவை மருத்துவரும், மருந்து மருத்துவரும், கதிர்வீச்சு மருத்துவரும் கூடியமர்ந்து முடிவெடுப்பார்கள். ஒரே பெயர் கொண்ட நோயாயினும் ஆளுக்கு ஆள் அது வேறு. எங்கள் சினம் தணிந்தது. அச்சம் தணியவில்லை.

இரவுகளில் செபமாலை சொன்னோம். "முடிவு நல்லதாக வரவேண்டும்" என்பதே எங்கள் கருத்து. மூன்றாம் இரவில் மூத்தவர் இடையில் நிறுத்தினார். "ஏம்மா, அந்த மெழுகுக் கட்டிக்குள் என்ன இருக்கிறதோ அது ஏற்கெனவே இருக்கிறது. அதையா மாற்றச் சொல்லிக் கேட்கிறோம்?" என்றார். இளையவருக்கு விடை தெரியவில்லை. அன்று செபமாலை பாதியில் நின்றது.

விடை தேடிப் பரங்கிமலை ஏறினோம். 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய அம்மலைக்கோயில், பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் அன்னைக்கு உரியது. டிசம்பர் 18 அவ்வன்னையின் திருநாள். கருவில் இருப்பவர் ஏற்கெனவே இருக்கிறார். கண்ணுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அன்னை காத்திருந்தது மாற்றுவதற்காக அன்று, ஏற்றுக்கொள்வதற்காக. வருவது எதுவாயினும் அதைத் தாங்கும் வலிமையைக் கேட்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. அன்றிரவு செபமாலையை முடித்தோம்.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியையும் அந்நாள்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டோம். அவர் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக அது வளர்ந்தது. அடுத்த ஆண்டு அங்கு வந்துசேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் இறக்கும்வரை அதற்கே தம் வாழ்வைத் தந்தார். ஒருவர் துயரம் பிறருக்கு மருந்தாகலாம் என்றால், எங்கள் மௌனம் யாருக்கு என்ன பயன் தரும்?

அந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் மூத்தவரே எழுந்து சொன்னார். குரல் நடுங்கியது, ஆனால் 'புற்று' என்ற சொல்லை அவர் விழுங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பெண்ணொருத்தி சமையலறைப் பக்கம் வந்து எங்கள் கையைப் பற்றினாள். நான்கு மாதமாகத் தனக்கும் ஒரு கட்டி இருப்பதாகவும் கணவரிடம்கூடச் சொல்லவில்லை என்றும் அழுதாள். மறுநாள் காலை எங்களில் இளையவர் அவளை அழைத்துக்கொண்டு பரிசோதனைக்குச் சென்றார். பத்து நாள் காத்திருப்பில் எங்களுக்குக் கிடைத்த வேலை அது.

எங்கள் முடிவும் வந்தது. சுரப்புநீர்ச் சோதனை நம்பிக்கை தரும்வகையில் இருந்தது. ஹெர்-2 மட்டும் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத நிலை. 'ஃபிஷ்' என்னும் மற்றொரு சோதனை வேண்டுமாம். மேலும் சில நாள்கள் பொறுக்கவேண்டும். முன்புபோல் சினம் வரவில்லை. அச்சம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

2022-இல் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,90,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாக மதிப்பிடப்படுகிறது. இவர்களுள் எத்தனை பேர் எங்களைப் போல் வாய்மூடி இருந்தார்களோ! வாசக சகோதரிகளே, நாங்கள் இழந்த எட்டு மாதங்களை நீங்கள் இழக்கவேண்டாம். கையில் தட்டுப்படுவதை அன்றே சொல்லுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை மீண்டும் அதே ரயில். சானடோரியம் நிலையம் வரும், கடந்து போகும். எங்கள் நோயின் பெயரையும் எவரும் அஞ்சாமல் உச்சரிக்கும் நாள் ஒன்று வரும். அதுவரை இறைவனின் கரத்தைப் பற்றியபடி நாங்கள் காத்திருக்கிறோம், இருவருமாக.